வினிகரில் விழுந்த காசு

போன மாதம் எங்கள் கிளையில் பழைய சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தோம். கேஷ் கவுண்டருக்குக் கீழே ஒரு நீல நிற பிளாஸ்டிக் டிரே கிடைத்தது. ஓரத்தில் மார்க்கர் பேனாவால் "கையில் கொடுக்காதீர்கள்" என்று இந்தியில் எழுதியிருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு சார்?" என்றான். கொரோனா வந்தபோது அவன் பன்னிரண்டாம் வகுப்பாம். எனக்கு ஒரு நிமிஷம் பதில் வரவில்லை.

மறந்தே போய்விட்டது பாருங்கள்! 2020 மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்கு அறிவிப்பு, நாலு மணி நேரத்தில் நாடு முழுக்க ஊரடங்கு. மும்பையில் லோக்கல் ரயில் ஏற்கனவே நின்றுவிட்டது. ஆனால் வங்கி அத்தியாவசிய சேவை. செம்பூரிலிருந்து அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பெஸ்ட் பஸ்ஸில் ஒரு சீட்டுக்கு ஒருவராக உட்கார்ந்து நாங்கள் கிளைக்குப் போனோம். வாடிக்கையாளர் பணத்தை டிரேயில் போடுவார். கேஷியர் கையுறை போட்டு எடுத்து, சானிடைசர் தெளித்து, காய வைத்து எண்ணுவார். நனைந்த நோட்டு எண்ணும் மெஷினில் சிக்கிக்கொள்ளும். பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர் நோட்டை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தார். ஒரு காந்தி கொஞ்சம் கருகிப்போயிருந்தார் :-)

அந்த வருஷம் ஆகஸ்டில், இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரத்துப் படம் ஒன்று செய்திகளில் வந்தது. பழைய மாளிகைச் சுவரில், நம் வீட்டுப் பூஜை மாடம் அளவுக்கு ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாக ஒரு கை ஐஸ்கிரீமை நீட்டுகிறது. 400 வருஷத்துக்கு முன் பிளேக் காலத்தில் ஒயின் விற்ற ஜன்னல் என்று கீழே எழுதியிருந்தார்கள். அந்தக் கதையைத் தேடப் போனதுதான் இந்தப் பதிவு. பாதி எழுதி வைத்திருந்தேன். டிரேயைப் பார்த்ததும் முடித்துவிட வேண்டும் என்று தோன்றியது.

ஃபிளாரன்ஸ் என்றால் எனக்குக் கல்லூரி ஞாபகம்தான் வரும். பி.காம். முதல் வருஷம், "ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு" என்று மனப்பாடம் செய்தோமே, அந்த இரட்டைப் பதிவு முறையை வளர்த்தவர்களில் ஃபிளாரன்ஸ் வியாபாரிகள் முக்கியமானவர்கள். அதை 1494-ல் புத்தகத்தில் அச்சிட்டு விளக்கிய லூக்கா பச்சோலியும் டஸ்கனிக்காரர்தான். இந்தப் பற்று-வரவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

இப்போது ஜன்னலுக்கு வருவோம்.

ஃபிளாரன்ஸ் பிரபுக்களுக்கு ஊருக்கு வெளியே திராட்சைத் தோட்டங்கள் இருந்தன. 16-ஆம் நூற்றாண்டில், தங்கள் தோட்டத்து ஒயினை மாளிகையிலிருந்தே நேரடியாகச் சில்லறையில் விற்க அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. அதற்காக வீதியோரச் சுவரில் ஓட்டை போட்டார்கள். சுமார் ஒரு அடி உயரம், அதைவிடக் குறைந்த அகலம், உள்ளே ஒரு மரக் கதவு. வைக்கோல் சுற்றிய ஒயின் குடுவை ஒன்று நுழையும் அளவு. வாங்குபவன் தட்டுவான், உள்ளே இருக்கும் வேலையாள் குடுவையை வாங்கி நிரப்பித் தருவான். பிரபுவின் வாசற்படியை யாரும் மிதிக்க வேண்டாம். அந்தஸ்துக்காகச் செய்த ஏற்பாடுதான் இது. ஃபிளாரன்ஸின் பழைய நகரப் பகுதியில் மட்டும் இன்றும் 150-க்கும் மேற்பட்ட இத்தகைய ஜன்னல்களின் அடையாளங்கள் இருக்கின்றன.

1629-ல் வட இத்தாலியில் போர். ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வந்த படைகளோடு பிளேக்கும் வந்தது. மிலானும் வெனிஸும் வெரோனாவும் செத்துக்கொண்டிருந்தன. டஸ்கனியை ஆண்ட இரண்டாம் ஃபெர்டினாண்டோ மெடிச்சிக்கு அப்போது இருபது வயது. ஃபிளாரன்ஸின் சுகாதார வாரியம் (அவர்கள் வழக்கில் 'சனிதா') வடக்கு எல்லையை மூடியது. மலைக் கணவாய்களில் காவல் போட்டது.

வெளியூர்க்காரன் உள்ளே வர வேண்டுமானால் கையில் ஒரு சீட்டு இருக்க வேண்டும். பெயர், புறப்பட்ட ஊர், தேதி, அந்த ஊரில் நோய் இல்லை என்ற உறுதி, ஓர் அதிகாரியின் முத்திரை. நம்முடைய ஈ-பாஸேதான்! சீட்டில்லாதவன் கோட்டை வாசலோடு திரும்ப வேண்டியதுதான். சந்தேகமான ஊரிலிருந்து வரும் கடிதத்தைக்கூட வினிகரில் நனைத்தோ புகை காட்டியோ வாங்கினார்கள்.

இத்தனைக்கும் மேல் நோய் நுழைந்துவிட்டது. போலோக்னா பக்கமிருந்து வந்த ஒரு கோழி வியாபாரி 1630 கோடையில் ஃபிளாரன்ஸுக்கு வெளியே ட்ரெஸ்பியானோ என்ற கிராமத்துக்கு வந்து சேர்ந்தார், அங்கிருந்து ஊருக்குள் பரவியது என்று அன்றைய பதிவுகள் சொல்கின்றன. எல்லையில் எத்தனை காவல் போட்டாலும் பிழைப்புக்காக நடக்கிறவன் ஒரு வழி கண்டுபிடித்து நடந்துவிடுகிறான். தேசிய நெடுஞ்சாலையில் மூட்டையும் குழந்தையுமாக நடந்தவர்களை நாமும்தான் பார்த்தோம்.

பயணம் எல்லோரையும் படுத்தியது. கலிலியோவையும் விடவில்லை. அவருடைய புகழ்பெற்ற நூல் 1632-ல்தான் வெளிவந்தது. ரோமுக்கும் ஃபிளாரன்ஸுக்கும் நடுவே கையெழுத்துப் பிரதியை அனுப்புவதே பிளேக் கட்டுப்பாடுகளால் பெரும்பாடாகி, நூல் தாமதமானது. விசாரணைக்கு ரோமுக்கு வரச் சொன்னபோது, 1633 ஜனவரி 20 அன்று கிளம்பினார். எழுபதை நெருங்கும் வயது, உடம்பு சரியில்லை. போப்பின் எல்லைக்குள் நுழையும் முன் வழியில் தனிமைப்படுத்தி வைத்துவிட்டார்கள். ரோம் போய்ச் சேர பிப்ரவரி 13 ஆகிவிட்டது. சூரியனே அசையவில்லை என்று சொன்னவரை, வழியில் அசையாமல் உட்கார வைத்துவிட்டது கொள்ளைநோய்.

அவருடைய மூத்த மகள் மரியா செலஸ்தே கன்னிகாஸ்திரீ மடத்தில் இருந்தார். 1630-ல் அப்பாவுக்கு ஒரு லேகியம் செய்து அனுப்பினார். உலர்ந்த அத்திப்பழம், வால்நட், அருவதா இலை (சதாப்பு இலை என்றும் சொல்வோமே, அதுதான்), உப்பு, எல்லாம் சேர்த்துத் தேனில் பிசைந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு வால்நட் அளவு சாப்பிட்டு, மேலே கொஞ்சம் நல்ல ஒயின் குடிக்கச் சொன்னார். என் அம்மா கோவில்பட்டியிலிருந்து கபசுரக் குடிநீர்ப் பொடி அனுப்பியதும் அதே அன்புதான். பார்சல் மூன்று வாரம் கழித்து வந்தது. ஒயின் மட்டும் அம்மா குறிப்பில் இல்லை.

அந்த லேகியம் பிளேக்கைத் தடுத்திருக்காது. பிளேக் ஒரு பாக்டீரியா. 1894-ல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சின் கண்டுபிடிக்கும்வரை அது யாருக்கும் தெரியாது. எலி, தெள்ளுப்பூச்சி சமாசாரம் அதற்கும் பிறகு வெளிவந்தது. 1630-ல் கெட்ட காற்றும், நோயாளி தொட்ட பொருளும்தான் காரணம் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையில்தான் ஒயின் ஜன்னலுக்குப் புது வேலை வந்தது.

இதை எழுதி வைத்தவர் பிரான்செஸ்கோ ரோண்டினெல்லி. அந்தப் பிளேக்கைப் பற்றி அவர் எழுதிய அறிக்கை 1634-ல் அச்சானது. ஒயின் விற்பவர்கள் காலிக் குடுவையைத் திரும்ப வாங்குவதை நிறுத்தினார்கள். வாங்குபவர் தன் குடுவையை வெளியே வைத்துப் பிடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் பெரிய ஜாடியிலிருந்து ஒரு உலோகக் குழாய் வழியாக ஒயின் வந்து நிறையும். காசைக் கையில் வாங்க மாட்டார்கள். ஒரு உலோகத் தட்டுக்கரண்டியை வெளியே நீட்டுவார்கள், அதில் காசைப் போட வேண்டும். அந்தக் காசு உடனே வினிகருக்குள் விழும்.

இதைப் படித்தபோது எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். எங்கள் நீல டிரே! அதே பயம், அதே புத்தி. காசு வேண்டும், கை வேண்டாம். நடுவில் வினிகருக்குப் பதில் சானிடைசர், அவ்வளவுதான். காசு வழியாகப் பிளேக் பெரிதாகப் பரவியிருக்காது, நோட்டு வழியாகக் கொரோனாவும் பெரிதாகப் பரவவில்லை என்று இன்று தெரிகிறது. ஆனால் அன்று கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு அது தெரியாதே.

(2020 மே மாதம் இங்கே மதுக்கடை திறந்த அன்று ஒரு கிலோமீட்டர் வரிசை நின்றது, மறுநாளே மூடினார்கள். நம் ஊரில் மே 7 டாஸ்மாக் திறந்து, கோர்ட் மூடச் சொல்லி, மறுபடி மே 16 திறந்த கதை உங்களுக்கே தெரியும். ஃபிளாரன்ஸ்காரர்களைப் போல நமக்கும் ஆளுக்கு ஒரு ஜன்னல் இருந்திருக்கலாம்!)

இதுவரை சொன்னது சுவாரசியத்துக்காக. நான் சொல்ல வந்த விஷயம் இனிமேல்தான்.

1631 ஜனவரி 20. ஃபிளாரன்ஸில் பொது ஊரடங்கு தொடங்கியது. நாற்பது நாள். 'குவாரன்டைன்' என்ற வார்த்தையே இத்தாலியர்களின் 'நாற்பது' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. கோயிலுக்குப் போக முடியாதவர்களுக்காகத் தெருமுனையில் பலிபீடம் வைத்துப் பூசை நடந்தது, ஜன்னலில் நின்று கும்பிட்டார்கள்.

சரி, அன்றாடம் சம்பாதித்துச் சாப்பிடுகிறவன் நாற்பது நாள் என்ன செய்வான்? நெசவுக்காரன், சாயக்காரன், துணி வெளுப்பவள் என்று கம்பளி, பட்டுத் தொழிலை நம்பி வாழ்ந்த ஊர் அது. தொழில் ஏற்கனவே படுத்துக் கிடந்தது.

சனிதா ஒரு பட்டியல் போட்டது. 30,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு வீடு தேடிச் சாப்பாடு போனது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு ரொட்டி, ஏறக்குறைய அரை லிட்டர் ஒயின். ஞாயிறு, திங்கள், வியாழன் இறைச்சி. செவ்வாய் அன்று மிளகும் பெருஞ்சீரகமும் ரோஸ்மேரியும் போட்ட சாஸேஜ். புதன், வெள்ளி, சனி அரிசியும் பாலாடைக்கட்டியும். வெள்ளிக்கிழமை கூடவே கீரை சாலட். குளிர்காலம் ஆனதால் விறகும் கொடுத்தார்கள்.

அந்தப் பட்டியலை இரண்டு தடவை படித்தேன். பசிக்காமல் இருக்க ஏதோ போட்டார்கள் என்பது மாதிரி இல்லை. கிழமைக்குக் கிழமை மாற்றி, வெள்ளிக்கிழமை விரதத்தைக்கூட நினைவில் வைத்து, மசாலா வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். ஏழைகளின் மோசமான சாப்பாடுதான் அவர்களை நோய்க்கு இரையாக்குகிறது என்று அதிகாரிகள் நம்பினார்கள். அதனால் சாப்பாட்டையும் மருந்துச் செலவாகவே பார்த்தார்கள்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. நாற்பது நாள் சும்மா உட்கார வைத்துச் சோறு போட்டால் இந்த ஏழைகள் சோம்பேறியாகி, வேலை செய்யும் ஆசையே போய்விடும் என்று வசதியானவர்கள் சிலர் முணுமுணுத்ததை ரோண்டினெல்லியே எழுதியிருக்கிறார். எங்கள் சொசைட்டி வாட்ஸப் குழுவில் 2020 ஏப்ரலில் ஒருவர் கிட்டத்தட்ட இதையேதான் எழுதினார். அவருக்கு ஆறு பேர் கைதட்டல் பொம்மை போட்டார்கள். 390 வருஷத்தில் வாதம் கொஞ்சம்கூட மாறவில்லை.

ஃபிளாரன்ஸைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பணக்காரர்கள் கிராமத்து மாளிகைகளுக்கு ஓடிவிட்டார்கள். விதி மீறியதாக 500-க்கும் மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டார்கள், பலர் ஜெயில் பார்த்தார்கள். ஏழை என்றாலே நோய் பரப்புகிறவன் என்ற சந்தேகம் இருந்தது. பிளேக் 1633-ல் மறுபடியும் எட்டிப் பார்த்தது. ஆனாலும் கணக்கைப் பாருங்கள். வெனிஸில் மூன்றில் ஒரு பங்கு ஜனம் செத்தது, மிலானில் கிட்டத்தட்ட பாதி. ஃபிளாரன்ஸில் சுமார் 12 சதவீதம். இதற்குச் சாப்பாடு மட்டும்தான் காரணம் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் சாப்பாடு வீட்டுக்கு வந்தவனுக்கு, வெளியே போக ஒரு காரணம் குறைவு. இது புரிய டாக்டர் பட்டம் தேவையில்லை.

இப்போது பற்று-வரவுக்கு வருகிறேன். "வீட்டிலேயே இரு, வேலைக்குப் போகாதே" என்று ஒருவனிடம் சொல்வது அவன் கணக்கில் ஒரு பற்று. எதிர்ப்பக்கத்தில் யாராவது ஒரு வரவு எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்த ஏடு சமன் ஆகாது, அவன் தெருவில் இறங்கி நடந்து அதைச் சமன் செய்வான்.

2020 ஏப்ரலில் நம் அரசும் ஒரு வரவு எழுதியது. பெண்களின் ஜன்தன் கணக்கில் மாதம் 500 ரூபாய், மூன்று மாதம். கூட்டம் சேரக் கூடாது என்று கணக்கு எண்ணின் கடைசி இலக்கப்படி தேதி பிரித்தோம். ஏப்ரல் 3 அன்று 0, 1, அப்புறம் 2, 3 என்று. ஆனாலும் காலை ஏழு மணிக்கே வரிசை நின்றுவிட்டது. ரோட்டில் சுண்ணாம்பு வட்டம், வட்டத்துக்குள் செருப்பு, நிழலில் ஆள்.

என் கவுண்டருக்கு ஒரு அக்கா வந்தார். தாராவியில் வீடு, சொந்த ஊர் நாங்குநேரி பக்கம். நான் தமிழில் பேசியதும் முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும் கொஞ்சம் சிரித்தது. டிரேயில் வைத்த ஐந்து நூறு ரூபாய் நோட்டை எடுக்காமல் கேட்டார்: "தம்பி, ஊர்ல எல்லாருக்கும் ரேசன்ல ஆயிரம் ரூவாயும் சும்மா அரிசியும் குடுக்காவளாமே. என் கார்டு அங்கதான இருக்கு. இங்க வாங்க முடியாதா?"

"இங்க முடியாதுக்கா."

"அப்ப இந்த ஐநூறுக்கு அரிசி வாங்கவா, ஊருக்குப் போக வச்சுக்கிடவா?"

நான் பதில் சொல்லவில்லை. பின்னால் வரிசை நின்றது. "அடுத்தவங்க வாங்க" என்றுதான் சொன்னேன். ஒரு நாளைக்கு 16, 17 ரூபாய் வருகிறது என்று அன்று மதியம் சாப்பிடும்போது மனசு தானாகவே வகுத்துப் பார்த்தது. வங்கிக்காரன் புத்தி.

அரசு தானியமே கொடுக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ரேஷன் அட்டை உள்ளவர்களுக்கு ஏப்ரலிலிருந்து ஆளுக்கு 5 கிலோ இலவசமாக வந்தது. கோடிக்கணக்கான குடும்பங்களைக் காப்பாற்றியது அதுதான். 30,000 பேருக்குச் சோறு போடுவதும் 130 கோடி பேர் நாட்டை நடத்துவதும் ஒன்றல்ல என்பதும் தெரியும். ஆனால் வரவு எழுதிய இடமும் ஆள் இருந்த இடமும் வேறு வேறாக இருந்தன. அக்கா தாராவியில், அட்டை நாங்குநேரியில். பிழைக்க வந்தவர்களுக்கென்று அட்டை இல்லாமலே 5 கிலோ என்ற அறிவிப்பு மே பாதியில்தான் வந்தது. அதற்குள் பாதிப் பேர் நடந்துவிட்டார்கள்.

ஃபிளாரன்ஸ் செய்த ஒரு நல்ல காரியம் இதுதான்: ஆள் எந்த வீட்டில் அடைபட்டிருக்கிறானோ அந்த வீட்டுக்கே ரொட்டி போனது.

எனக்கும் ஒரு பற்று உண்டு. அந்த ஜூன் மாதம் என் சித்தப்பா கோவில்பட்டியில் தவறிவிட்டார். ஈ-பாஸுக்கு எழுதிப் போட்டேன். அனுமதி வந்தபோது காரியம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. செல்போனில்தான் பார்த்தேன். சம்பளம் தடையில்லாமல் வந்த எனக்கே இப்படி என்றால், அந்த அக்காவை நினைத்துக்கொள்வேன்.

அவர் மே கடைசியில் ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். 2021 கடைசியில் பாஸ்புக் பதிய வந்தார். "என்ன தம்பி, டிரே எங்க?" என்பதுதான் முதல் கேள்வி. எடுத்து உள்ளே வைத்துவிட்டோம் என்றேன். அந்த ஐநூறை என்ன செய்தார் என்று கேட்க வாய் வரவில்லை.

ஒரு நல்ல சேதியோடு முடிக்கிறேன். எந்த மாநில ரேஷன் அட்டையையும் வேறு மாநிலத்தில் காட்டி, தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வரவேண்டிய தானியத்தை வாங்கும் 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் 2022-க்குள் எல்லா மாநிலங்களும் சேர்ந்துவிட்டன. ஊரில் மாநில அரசு தனியாகக் கொடுப்பது இங்கே கிடைக்காது, தானியம் கிடைக்கும். அட்டையில் உள்ளவர்களின் ஆதார் இணைந்திருக்க வேண்டும், கைரேகை ஒத்துப்போக வேண்டும். வாசகர்களில் பலர் என்னைப் போல மாதச் சம்பளக்காரர்கள், நமக்கு இது தேவைப்படாது. ஆனால் நம் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கும், கீழே இஸ்திரி போடுகிறவருக்கும், இட்லிக் கடைக்காரருக்கும் தேவைப்படும். அவர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இந்த வாரம் ஒருவரிடமாவது கேட்டு, அட்டையை எடுத்துவரச் சொல்லிப் பாருங்கள். நான் எங்கள் கட்டட வாட்ச்மேனிடம் கேட்டேன். அவர் அட்டை பீகாரில் இருக்கிறது, மனைவி பெயரில். ஆதார் இணைந்திருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து பார்க்கப் போகிறோம்.

டிரேயைத் தூக்கிப் போடவில்லை. என் மேசையில் இருக்கிறது, ஸ்டாம்ப் பேடும் குண்டூசியும் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் அந்த நாட்களின் மிச்சம் ஏதாவது கிடக்கும். என்ன அது, எப்படி வந்தது என்று எழுதுங்களேன்.